சுப்பராயன் ஓட்டாத மலைப்பாதை

தீபாவளி முடிந்த மறுவாரமே பாரதி பொங்கல் லீவுக்கான திட்டத்தைக் கையில் எடுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லி தட்டுகளை எடுத்துப் போட்ட பிறகு, கூடத்தில் பாயை விரித்து, நாலு தாள்களை ஒட்டிச் சேர்த்த வரைபடம் ஒன்றை அதன் மேல் பரப்பினாள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் டிசைன் பிரிவில் வேலை செய்கிறவள் அவள். கோடு போட்டதிலேயே அந்தக் கைநேர்த்தி தெரிந்தது. ஆலங்காயத்தில் அவர்கள் வீட்டிலிருந்து கிளம்பிய சிவப்புக் கோடு ஆம்பூர், பேரணாம்பட்டு தாண்டி, பத்தலப்பல்லி மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறி, வி.கோட்டா, புங்கனூர், மதனப்பள்ளி என்று ஆந்திராவுக்குள் போய், ஹார்ஸ்லி மலை உச்சியில் நின்றது. முதல் நாள் டென்ட் அங்கே. மறுநாள் கதிரி, புலிவெந்துலா வழியாக வடக்கே ஓடி, கண்டிக்கோட்டாவில் முடிந்தது.

"பெண்ணாறு மலைய ரெண்டா அறுத்துகினு போற எடம்ப்பா," என்றாள். "அவ்ளோ பெரிய பள்ளம். அதோட விளிம்புலயே டென்ட் போட்டுத் தூங்கலாமாம். காலைல எழுந்து ரெண்டு அடி வெச்சா கீழ ஆறு."

"மாமாகிட்ட அவரு பொலேரோ வண்டிக்கு சொல்லியாச்சு," என்றான் அவள் தம்பி நவீன்குமார். பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம் படிக்கிறவன். "டிரைவர்தான் வீட்லயே இருக்காரே."

எல்லாரும் சிரித்தார்கள். அவர்கள் அப்பா சுப்பராயனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே வரைபடத்தில் பத்தலப்பல்லி இருந்த இடத்தைப் பார்த்தார்.  காலையில் எழுந்து ரெண்டு அடி. எந்தப் பக்கம் ரெண்டு அடி?

சுப்பராயனுக்கு ஐம்பத்தொரு வயது. ஸ்டியரிங் பிடித்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. முதலில் சென்னையிலிருந்து ஆம்பூர் தோல் பதனிடும் ஆலைகளுக்குத் தோல் ஏற்றி வரும் லாரி. அந்த நாற்றம் சட்டையை விட்டுப் போகாது என்று மனைவி தேவகி கல்யாணமான புதிதில் அவர் உடுப்பைத் தனி வாளியில்தான் ஊறவைப்பாள். அப்புறம் நாலைந்து வருஷம் டூரிஸ்ட் வேன். ஊட்டி, கொடைக்கானல், மூணாறு, திருப்பதி என்று ஊரான் வீட்டுப் பிள்ளைகளை எல்லா மலைக்கும் ஏற்றி இறக்கினார். தன் பிள்ளைகள் வளர்ந்த பிறகு அவர்களுக்கு அந்த வளைவுகளைச் சொல்வார். எந்த வளைவில் எந்த கியர், எதிரே லாரி வந்தால் யார் ஒதுங்க வேண்டும், மூடுபனியில் கண்ணாடியை எவ்வளவு இறக்கிவைக்க வேண்டும். பிள்ளைகள் அந்த மலைகளை அவர் வாயால் பார்த்தார்களே தவிர நேரில் பார்த்ததில்லை. கடைசிப் பதினேழு வருஷமாக ஷூ கம்பெனி பஸ். தினமும் காலையில் ஆலங்காயம், நிம்மியம்பட்டு, வாணியம்பாடி என்று நாற்பத்திரண்டு பெண்களை ஏற்றி ஆம்பூரில் இறக்குவார். சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவார். ஒரு கீறல் கிடையாது. பத்தாம் வருஷம் கம்பெனி கொடுத்த சான்றிதழ் கூடத்துச் சுவரில் தொங்குகிறது.

"ஒரு தடவையாவது எங்கள கூட்டினு போப்பா" என்று பாரதி பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதிலிருந்து கேட்டுவந்தாள். போன வருஷம் அவரே வாய்விட்டு, "அடுத்த பொங்கலுக்குக் கண்டிப்பா" என்று சொல்லியிருந்தார். அப்போது அவருக்குத் தெரியாது.

தெரிந்தது மார்ச் மாதத்தில். வாணியம்பாடி ரயில்வே கேட்டில் பஸ்ஸை நிறுத்தியிருந்தார். கூட்ஸ் வண்டி கடக்கும்போது கிளம்பிய தூசி வலது கண்ணில் விழுந்தது. கையால் அதைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் மட்டும் பார்த்தார். கேட்டைக் காணோம். கேட்டின் நடுவில் தொங்கிய சிவப்பு வட்டத் தகடு மட்டும் தெரிந்தது. அதைச் சுற்றி ஒன்றுமில்லை. இருட்டு என்றும் சொல்ல முடியாது. புகை படிந்த மாதிரி ஒரு வெறுமை. குழாய்க்குள் கண்ணை வைத்துப் பார்ப்பது போலிருந்தது. கையை எடுத்தார், உலகம் திரும்ப வந்தது. மறுபடி பொத்தினார். மறுபடி குழாய். கேட் திறந்து பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்த பிறகுதான் கியர் போட்டார்.

அன்றிலிருந்து அவர் யாரிடமும் சொல்லவில்லை. முதலில் உடம்புச் சூடு என்று எண்ணெய் தேய்த்துக் குளித்தார். ஜூலையில் கம்பெனியிலேயே கண் முகாம் நடந்தது. எழுத்துப் பலகையைக் காட்டிப் படிக்கச் சொன்னார்கள். கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டார். நடுவில் இருப்பதுதான் நன்றாகத் தெரிந்ததே. நல்ல பார்வை என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது கொஞ்சம் தைரியம் வந்தது. அந்தத் தைரியம் இரண்டு நாள் இருந்தது. அப்புறம் அவர் கழுத்தைத் திருப்பித் திருப்பி ஓட்டப் பழகினார். இடது கண்ணாடியை இன்னும் கொஞ்சம் உள்ளே திருப்பி வைத்தார். நிறுத்தங்களில் வேகத்தைப் பாதியாகக் குறைத்தார். "அண்ணாவுக்கு வயசாயிடுச்சு, மாட்டு வண்டி மாதிரி ஓட்டறாரு" என்று பஸ்ஸில் பெண்கள் கேலி செய்தபோது அவரும் தலையாட்டினார். சாயங்காலம் கடைசி ஆளை இறக்கிவிட்டு, ஷெட்டில் பஸ்ஸை அணைத்த பிறகு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஐந்து நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருப்பார். இன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. நாளைக்கு?

பஸ் தடமாவது அவருக்கு மனப்பாடம். கண்ணை மூடினாலும் குழி எங்கே, வேகத்தடை எங்கே என்று சொல்வார். பத்தலப்பல்லி அப்படியல்ல. அங்கே இடது பக்கம் பள்ளம். வண்டியில் இருக்கப்போவது தேவகி, பாரதி, நவீன்.

பாரதி எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. நவம்பர் முழுக்க வீட்டில் அதே பேச்சு. எத்தனை டார்ச், எத்தனை போர்வை, கேஸ் அடுப்பு எடுத்துப்போவதா விறகு பொறுக்குவதா, புளிசாதம் எத்தனை நாள் தாங்கும். ஒவ்வொரு சாமானுக்கும் அவள் ஒரு டிக் போடப் போட, சுப்பராயன் தடுக்க முயன்றார். "பொங்கல் டைம்ல மலைல பனி ஜாஸ்தி" என்றார். அவள் போர்வையைக் கூட்டினாள். "அந்தப் பக்கம் ரோடு சரியில்லன்னு சொல்றாங்க" என்றார். அவள் போனில் அந்த ரோட்டின் வீடியோ ஒன்றைத் தேடிக் காட்டினாள். தார் பளபளத்தது.

டென்ட் வந்த அன்றைக்கு, வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் அதை விரித்துக் கட்டிப் பார்த்தார்கள். நவீன் ஆணி அடித்தான். சுப்பராயன் சுற்றிவந்து பார்க்கையில் இடது பக்கம் இழுத்துக் கட்டியிருந்த கயிறு காலில் மாட்டி முகங்குப்புற விழுந்தார். கயிறு பச்சை நிறம், கட்டைவிரல் பருமன். பட்டப்பகல்.

"இன்னாப்பா, இவ்ளோ பெரிய கயிறு தெரியலியா உனக்கு?" பாரதி சிரித்தபடி தூக்கிவிட்டாள்.

"புதுச் செருப்பு," என்றார் அவர்.

தேவகி வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. வாணியம்பாடியில் ஷூவின் மேல்பாகம் தைக்கும் ஒரு சின்ன யூனிட்டில் செக்கிங் வேலை அவளுக்கு. நாள் முழுக்க வெள்ளை விளக்கின் கீழே தையல் எங்கே தப்பியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறவள். அவர் செருப்பை ஒரு முறை பார்த்தாள். ஆறு மாதத்துக்கு முன் வாங்கிய செருப்பு. உள்ளே போய்விட்டாள்.

டிசம்பர் இரண்டாவது வாரம் அந்தக் காரியம் நடந்தது. காலை ஆறே முக்கால். லேசாகப் பனி. நிம்மியம்பட்டு நிறுத்தத்தில் ஐந்து பேர் எப்போதும் நிற்பார்கள். சுப்பராயன் வேகத்தைக் குறைத்து, இடது பக்கம் ஒடித்து, பஸ்ஸை ஓரம் கட்டினார். தட்டென்று ஒரு சத்தம். கூடவே ஒரு பெண்ணின் குரல். பிரேக்கை மிதித்தபோது பஸ் மொத்தமும் முன்னால் ஒரு முறை குலுங்கி நின்றது.

இறங்கி ஓடினார்.  நசீமுன்னிசா ரோட்டோரப் புளியமரத்தில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். பதினோரு வருஷமாக அந்த பஸ்ஸில் வருகிறவள். அவள் சாப்பாட்டுப் பை பத்தடி தள்ளிக் கிடந்தது. டப்பா பிளந்து சோறு மண்ணில் கொட்டியிருந்தது. பஸ்ஸின் இடது கண்ணாடி மடங்கியிருந்தது.

"அடி பட்டுச்சாம்மா? எங்க பட்டுச்சு?"

"பைய மட்டும்தாண்ணா தட்டிச்சு. எனக்கு ஒண்ணுமில்ல." அவள் வலது தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. "நான்தான் ரோட்டு மேல வந்து நின்னுட்டேன்போல."

அவள் ரோட்டு மேல் நிற்கவில்லை. தாருக்கு வெளியே, மண்ணில், எப்போதும் நிற்கிற இடத்தில்தான் அவள் செருப்புத் தடம் இருந்தது. சுப்பராயன் அதைப் பார்த்தார். அரை அடி. பஸ் இன்னும் அரை அடி உள்ளே வந்திருந்தால் மண்ணில் கிடந்தது சோறாக இருந்திருக்காது.

பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் சாப்பாடு தருவதாகச் சொல்லி அவளை ஏற்றிக்கொண்டார்கள். ஆம்பூர் வரைக்கும் அவர் எப்படி ஓட்டினார் என்று பிறகு யோசித்துப் பார்த்தும் நினைவுக்கு வரவில்லை. கம்பெனி வாசலில் எல்லாரும் இறங்கிய பின்னும் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார்.  சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து டிரான்ஸ்போர்ட் பொறுப்பாளர் ஜான்சனிடம் போய் சாவியை மேஜை மேல் வைத்தார்.

"சார், உடம்பு முடியல. சாயங்காலம் வேற ஆளப் போடுங்க."

"காய்ச்சலா? முகமே சரியில்ல. வீட்டுக்குப் போய்ப் படுங்க." ஜான்சன் சாவியை எடுத்து ஆணியில் மாட்டினார்.

டவுன் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். சாயங்காலம் தேவகி வரும் வரைக்கும் அதே இடம். விளக்கும் போடவில்லை. அவள் பையை வைத்துவிட்டு அவர் எதிரே வந்து நின்றாள்.

"பஸ்ஸு வேற யாரோ ஓட்டினு போறாங்க. இன்னா ஆச்சு?"

சொன்னார். ரயில்வே கேட்டில் ஆரம்பித்து, கண் முகாம், கயிறு, நிம்மியம்பட்டு வரைக்கும். பாதியில் நிறுத்தி, தண்ணீர் குடித்து, மீதியைச் சொன்னார். தேவகி கட்டிலின் மறுமுனையில் உட்கார்ந்தாள்.

"எனக்கு உங்க கண்ணு மேல சந்தேகம் இருந்துச்சு," என்றாள் கடைசியில். "தட்டுக்கு இடது பக்கம் தண்ணி வெச்சா நீங்க எடுக்கறதில்ல. 'தண்ணி எங்க'ன்னு கேப்பீங்க. ரெண்டு மூணு தடவ பாத்துட்டு நானே சொம்ப வலது பக்கம் வெக்க ஆரம்பிச்சேன். கண்ணாடி போடற வயசுதானேன்னு நெனச்சேன். கேட்டா கோவப்படுவீங்கன்னு கேக்கல." புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "சொம்ப நகத்தி வெச்சேனே, அந்த நாப்பது பேர நெனச்சேனா?"

 பாரதியின் ஸ்கூட்டர் வாசலில் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. தேவகி எழுந்து விளக்கைப் போட்டாள். "வியாழக்கெழம வேலூரு போறோம்," என்றாள்.

வேலூரில் கண் ஆஸ்பத்திரியில் காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தவர்களைப் பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள். ஒரு சின்ன அறை. வெள்ளைக் கிண்ணத்தைக் கவிழ்த்து நிறுத்தியது போன்ற ஒரு மெஷின். அதற்குள் முகத்தை வைத்து, தாடையை ஊன்றி, நடுவில் உள்ள மஞ்சள் புள்ளியையே பார்க்கவேண்டும். சுற்றிலும் எங்கேயாவது வெளிச்சப் புள்ளி மின்னினால் கையில் இருக்கும் பொத்தானை அமுக்கவேண்டும். முதலில் வலது கண். அங்கங்கே மின்னியது. அமுக்கினார். இதென்ன பெரிய சோதனை என்று தோன்றியது. பிறகு இடது கண்.

மெஷின் டக் டக் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. மஞ்சள் புள்ளி இருந்தது. வேறு எதுவும் வரவில்லை. டக், டக். அவர் காத்திருந்தார். தாடை வியர்த்தது. சத்தம் வருகிறது என்றால் எங்கேயோ வெளிச்சம் மின்னுகிறது என்றுதானே அர்த்தம்? அவர் விரல் தானாகவே சத்தத்துக்குச் சத்தம் அமுக்க ஆரம்பித்தது.

பரிசோதனை செய்யும் பெண் மெஷினை நிறுத்தினாள். "ஐயா, தெரிஞ்சா மட்டும் அமுக்குங்க. நடுநடுவுல வெளிச்சமே போடாம மெஷினு சும்மா சத்தம் மட்டும் குடுக்கும். அப்பவும் அமுக்கறீங்க."

சின்ன வயசில் பரீட்சையில் பார்த்து எழுதி மாட்டிக்கொண்ட மாதிரி அவருக்கு முகம் எரிந்தது. "தெரியலம்மா," என்றார். மார்ச் மாதத்துக்குப் பிறகு அந்த வார்த்தையை அவர் தேவகியைத் தவிர வேறொருவரிடம் சொன்னது அன்றுதான். "திரும்ப மொதல்லேர்ந்து போடு."

டாக்டர் அம்மாவின் மேஜையில் இரண்டு வட்டப் படங்கள் இருந்தன. ஒன்றில் ஓரம் மட்டும் கறுப்பு. இன்னொன்றில் நடுவில் சின்னதாக வெள்ளை, மீதி எல்லாம் கறுப்பு.

"கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்ப அரிச்சிருக்கு. இடதுல இவ்வளவுதான் பாக்கி. வலதுலயும் ஆரம்பிச்சிருக்கு. போனது திரும்பி வராது. சொட்டு மருந்த ஒரு நாள்கூட விடாம ஊத்தினா இருக்கறதக் காப்பாத்தலாம். வேலை என்ன?"

"டிரைவருங்க. கம்பெனி பஸ்ஸு."

"எத்தனை பேர் வர்றாங்க?"

"நாப்பத்திரண்டு பேரு."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி அவரை ஒரு கணம் பார்த்தார். "இனிமே பஸ் இல்லை. காரும் இல்லை, பைக்கும் இல்லை," என்று எழுதி, கீழே கோடு போட்டார்.

மறுநாள் அந்தச் சீட்டோடு ஜான்சனைப் பார்த்தார். ஜான்சன் அதை இரண்டு முறை படித்தார். பிறகு பஸ் ஷெட்டில் டயர், டீசல், வண்டி வரவு போக்கு பார்க்க ஆள் வேண்டும், யோசிக்கிறேன் என்றார். சுப்பராயன் அங்கிருந்து இறங்கி மதியச் சாப்பாட்டு நேரத்துக்குக் காத்திருந்தார். நசீமுன்னிசா வெளியே வந்ததும் அவளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார். அவள் சாப்பாட்டுப் பையைக் கையில் பிடித்தபடியே கேட்டாள்.

"கண்ணு போனது உங்க தப்பு இல்லண்ணா," என்றாள். "தெரிஞ்சும் ஓட்டினீங்க. எனக்கு ரெண்டு பொண்ணுங்க. நான் வேற என்னா சொல்லட்டும்?"

அவர் தலை குனிந்தபடி திரும்பினார்.

"அண்ணா," என்றாள் பின்னாலிருந்து. "அங்க ரெண்டு படி இருக்குது. இடது பக்கம்."

நின்று, கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். இருந்தது. இறங்கிப் போனார்.

பிரயாணத்தை விட்டுவிடலாம் என்று அன்றே சொன்னார். வரைபடத்தைக்கூட மடித்து அலமாரியில் வைத்துவிட்டார். பாரதி அதை எடுத்து மறுபடி விரித்தாள். வேலூரிலிருந்து வந்தவுடன் தேவகி பிள்ளைகளிடமும் சொல்லியிருந்தாள்; அதிலிருந்தே அழுத முகம். "நான் ஓட்றேன்," என்றாள். "லைசன்ஸ் இருக்குது. மலையில ஓட்னதில்ல, அவ்வளவுதான். நீ பக்கத்துல உக்காந்து சொல்லு."

"வேணாம்மா. நான் பக்கத்துல இருந்தா நீ பயந்துடுவ."

"நீ பக்கத்துல இல்லன்னாதான் பயம்."

தேவகிதான் முடிவு சொன்னாள். மூன்று ஞாயிற்றுக்கிழமை காவலூர் போகும் மலை ரோட்டில் பாரதி மாமாவின் பொலேரோவை ஓட்டிப் பார்ப்பது, அப்புறம் பார்ப்போம் என்று. முதல் ஞாயிறு சுப்பராயன் வண்டியின் தரையைக் காலால் மிதித்து மிதித்ததில், அவர் பக்கத்து மிதியடி சுருண்டுபோனது. தன் கையில் ஸ்டியரிங் இல்லாமல் மலையில் ஏறுவது அவருக்கு அதுதான் முதல் தடவை. இத்தனை வருஷம் தன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள் எல்லாரும் இந்தப் பயத்தையா சுமந்துகொண்டு வந்தார்கள் என்று நினைத்தார்.

போகிப் பண்டிகையன்று விடியலில் கிளம்பினார்கள். ஊர் ஊராகப் பழைய பாய்களும் டயர்களும் எரிந்த புகை ரோட்டில் படிந்திருந்தது. பாரதி ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் போனாள். ஆம்பூர் தாண்டி, பேரணாம்பட்டில் டீ குடித்தார்கள். ஒன்பது மணிக்கு பத்தலப்பல்லி ஏற்றம் தொடங்கியது.

முதல் நாலு வளைவு நன்றாகவே போயிற்று. ஐந்தாவதில், மதனப்பள்ளியிலிருந்து தக்காளி ஏற்றிக்கொண்டு ஒரு லாரி மேலிருந்து வந்தது. வளைவு முழுவதையும் அதுவே எடுத்துக்கொண்டது. பாரதி இடது பக்கம் ஒதுங்கி பிரேக் போட்டாள். கிளட்சை விட்டுவிட்டாள். பொலேரோ ஒரு குலுக்கலோடு அணைந்தது. அணைந்த வண்டி பின்னால் நகர ஆரம்பித்தது.

"அப்பா."

"பிரேக்க நல்லா மிதி. எடுக்காத. ஹேண்ட்பிரேக் இழு. இன்னும் மேல. ஆங்." வண்டி நின்றது. பின்னால் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. சுப்பராயனின் இடது கைப்புறம் பள்ளம். அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. கழுத்தைத் திருப்பினால் பாரதி அவர் முகத்தைப் பார்த்துவிடுவாள்.  கைப்பையை எடுத்து மடிமேல் வைத்து அமுக்கிக்கொண்டார்.

"தேவகி, இந்தப் பக்கம் எவ்ளோ இருக்குது?"

பின் சீட்டில் இடது ஜன்னலோரம் இருந்த தேவகி தலையை வெளியே நீட்டினாள். "மூணு அடி இருக்குது. அப்புறம் கல்லு நட்டிருக்காங்க." பின்னால் திரும்பிப் பார்த்தாள். "பின் சக்கரத்துக்கு ரெண்டரை."

"போதும். பாரதி, ஹாரன காதுல வாங்காத. அவன் நிப்பான், நின்னுதான் ஆகணும். வண்டிய ஸ்டார்ட் பண்ணு. ஃபர்ஸ்ட் கியர். கிளட்ச பாதி எடு. மெதுவா. வண்டி முன்னால முக்கும் பாரு. முக்குதா? அப்ப ஆக்சிலேட்டர் குடுத்து ஹேண்ட்பிரேக்க வுடு."

வண்டி ஒரு சாண் பின்வாங்கியது. நவீன் முன் சீட்டின் முதுகைப் பிடித்தான். அப்புறம் டயர் பற்றிக்கொண்டது. பொலேரோ உறுமிக்கொண்டு வளைவைச் சுற்றி ஏறியது. மேலே வி.கோட்டா சமவெளி வந்தது. ஒரு புளியந்தோப்பு ஓரம் பாரதி நிறுத்தி, இறங்கி, ஸ்டியரிங் பிடித்த உள்ளங்கைகளைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டே இருந்தாள். சுப்பராயன் இறங்கவில்லை.  நவீன் தண்ணீர் பாட்டிலை ஜன்னல் வழியாக, அவர் வலது கையில் கொடுத்தான்.

ஹார்ஸ்லி மலையில் நல்ல குளிர். மறுநாள் பொழுது சாயும் முன்பே கண்டிக்கோட்டா சேர்ந்தார்கள். விளிம்பில் டென்ட் என்று பாரதி ஆசைப்பட்டதைத் தேவகி ஒரே வார்த்தையில் வெட்டினாள். விளிம்பிலிருந்து நூறு அடி எண்ணி, அதற்கு அப்பால் ஆணி அடிக்கச் சொன்னாள். டென்ட் கயிறுகளில் எல்லாம் நவீன் வெள்ளைத் துணி கட்டினான். எட்டு மணிக்குத் தேவகி டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு அவர் இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டாள். தான் எழுப்பாமல் அவர் எழுந்து வெளியே போகக்கூடாது என்று இரண்டு முறை சொன்னாள். அவர் அப்படி ஒரு எண்ணமே இல்லாதவராகப் போர்வைக்குள் கிடந்தார்.

விடிந்ததும் மூன்று பேரும் பள்ளத்தைப் பார்க்கப் போய்விட்டு வந்தார்கள். பாரதி வந்து கூப்பிட்டாள். அவர் வேண்டாம் என்றார். பிறகு, தேவகி கையை நீட்டியதும் எழுந்தார். பாறை மேல் நிற்க அவருக்கு மனசு வரவில்லை. விளிம்புக்கு இருபது அடி முன்னாலேயே உட்கார்ந்து, இடுப்பால் நகர்ந்து நகர்ந்து, எட்டிப் பார்க்கிற தூரத்துக்கு வந்தார். தேவகி அவர் சட்டையைப் பின்னால் கொத்தாகப் பிடித்திருந்தாள். சுப்பராயன் வலது பக்கத்திலிருந்து கழுத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். அடுக்கடுக்கான சிவப்புப் பாறை. அப்புறம் அடியில் பச்சையாகத் தண்ணீர். அப்புறம் எதிர்ச் சுவர். எல்லாவற்றையும் பார்த்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. 

"போதுமா?" என்றாள் தேவகி.

"இன்னும் கொஞ்சம் பிடிச்சிகினு இரு."

பதினோரு மணிக்கு டென்ட்டைச் சுருட்டி ஏற்றினார்கள். சுப்பராயன் வண்டியைச் சுற்றிவந்து நாலு டயரையும் கையால் அமுக்கிப் பார்த்தார். பின்பக்க இடது டயரில் காற்று குறைவு என்று சொல்லி, முதலில் வரும் பங்க்கில் நிறுத்தச் சொன்னார். பாரதி போனில் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ராயச்சோட்டி, சித்தூரு வழியா திரும்பலாம். இல்லன்னா வந்த வழியே போலாம். எதுப்பா?"

"வளைவு எதுல கம்மி?"

"சித்தூரு."

"அப்ப சித்தூரு," என்றார் அவர். அவள் சாவியைப் போடும் முன்பே சீட் பெல்ட்டை இழுத்து மாட்டி, சரியாக விழுந்ததா என்று ஒரு முறை இழுத்தும் பார்த்துக்கொண்டார்.